மிளகாய்த் தண்ணீர் அடித்த ஸ்டெல்லா அக்கா

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது ராணியிடமிருந்து போன் வந்தது. ஸ்டெல்லா அக்கா, தானா ராத்தா நகர மருத்துவமனையில் இறந்துவிட்டாராம். நெஞ்சுவலி. கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர் அக்கா. கியா பார்ம் சந்தையில் நாங்கள் இருவரும் பூந்தொட்டிக் கடை வைத்திருந்தோம். வீட்டுக்குள் வளர்க்கும் செடியில் பூச்சி விழுந்தால் ஆட்கள் காரில் தூக்கிவந்து அவரிடம் காட்டுவார்கள். இலைக்கடியில் பஞ்சாக அப்பியிருக்கும் மாவுப்பூச்சியை விரலால் நசுக்கிக்கொண்டே, தொட்டியைத் தனியாக வைத்து சோப்புத் தண்ணீர் அடிக்கச் சொல்வார். பூச்சி ஏறிய கிளையை வெட்ட ஓர் அம்மாள் தயங்கியபோது, அக்காவே கத்தரித்து எறிந்தார்.

"கிளைக்குப் பாவம் பாத்தா செடியே செத்துடும் லா."

அவருடைய தம்பி மனைவிதான் ராணி. ஒரு மத்தியானம் உதடு கிழிந்து, காதில் ரத்தம் ஒழுகக் கடைக்கு ஓடிவந்தார். பின்னாலேயே தம்பி பாராங் கத்தியோடு லோரியிலிருந்து குதித்தான். தொட்டிகளை வெட்டிச் சிதறடித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"நீ நடுவுல வராதக்கா. அவ என் பொண்டாட்டி."

செடிகளுக்கு அடிக்க மிளகாயும் பூண்டும் அரைத்துக் கலந்த தண்ணீர் நிரப்பிய பம்பு அக்கா கையில் இருந்தது. அவன் கண்ணைப் பார்த்து அடித்தார். அவன் அலறிக்கொண்டு கண்மூடித்தனமாகக் கத்தியை வீசினான். அக்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் துண்டாகிவிட்டன. அப்போதும் இடது கையால் பம்பைத் தூக்கி அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விழுந்த கத்தியை நான் எடுத்துக்கொண்டு போலீசைக் கூப்பிட்டேன்.

புகாரைத் திரும்ப வாங்கிவிடும்படி சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து கெஞ்சினார்கள். அக்கா மறுத்துவிட்டார். அவன் ஜெயிலுக்குப் போன அன்றுதான் அவர் அழுததைப் பார்த்தேன்.

"தாயில்லாத பய. அவனுக்குச் சோறு ஊட்டுன கை இது" என்று கட்டுப்போட்ட கையைக் காட்டினார்.

பிறகு இடது கையால் பூச்சி நசுக்கப் பழகிக்கொண்டார். ராணி அவர் வீட்டிலேயே தங்கி, எங்கள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அடக்கத்துக்குத் தம்பியும் வந்திருந்தான். கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. ராணி அவனை நேராகப் பார்த்தார். பிறகு குனிந்து, ஈரமண்ணை இரண்டு கையாலும் அள்ளி, முதல் ஆளாகக் குழியில் போட்டார்.

நிம்மதியாகத் தூங்குங்கள், அக்கா.