கடலுக்கடியில் கேட்ட நிறுவை மணி

நமுனுகுலத் தேயிலை மலையில் பிறந்தவனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் கஜேந்திரன் ஒரே பதிலைத்தான் சொல்வான். "தோட்டத்து வேலையில வயிறு நெறஞ்சா நான் ஏன் கடலுக்குப் போறேன்?" இளவயதிலேயே திருகோணமலைக்குப் போனவன், சங்கு குளிப்பவர்களோடு சேர்ந்து, காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்தில் இறங்கப் பழகிக்கொண்டான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கருவாட்டுப் பொட்டலத்தோடு ஊருக்கு வருவான்.

தங்கை தனுஜாவின் புருஷன் ரமேஸையும் அவன்தான் கூட்டிப்போனான். அதற்கு முந்திய மழையில் அவர்கள் குடியிருந்த லய வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் சரிந்து, சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்திருந்தது. வேறு இடம் தருவதாக வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். வாய்ச்சொல் கூரையா வேயும்? பதுளைப் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கிவிட வேண்டும் என்று ரமேஸுக்கு ஆசை. பஸ் ஏறும்போது தனுஜா அவன் பையைப் பிடித்துக்கொண்டு, "வெறுங்கையோட மட்டும் வந்துறாதீங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வீரசிங்கம் என்பவரின் படகில் வேலை கிடைத்தது. உலகப் போரில் மூழ்கிய ஒரு கப்பலின் வயிற்றில் வெள்ளிக் கட்டிகள் கிடக்கின்றன என்பது அவர் கட்டிக்காத்த ரகசியம். ஆனால் அந்த வருஷம் பார்த்து இரண்டு பெரிய நாடுகளின் சாம்பல் நிறக் கப்பல்கள் அந்தக் கடலையே சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று ஆய்வு செய்ய வந்ததாம். மற்றது, அது என்ன ஆய்வு செய்கிறது என்று பார்க்க வந்ததாம். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இந்தச் சண்டையில் கூத்தாடிக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை.

ரமேஸ் கடலுக்குப் புதுசு. கயிற்றை இழுத்துச் சைகை காட்டும் முறை அவன் மண்டையில் ஏறவே இல்லை. கஜேந்திரன் யோசித்து ஒரு வழி சொன்னான். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு வரச்சொல்லி, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை நிறுவை மணியாகத் தட்டுவார்கள்: ரெண்டு சேர்த்து, ஒன்று தனியே. அதே மாதிரி, ஆபத்தென்றால் வீரசிங்கம் தண்ணீருக்குள் இறக்கிய இரும்புக் குழாயைத் தட்ட வேண்டும். கேட்ட உடனே மேலே வந்துவிட வேண்டும்.

"பொறந்ததுல இருந்து கேட்ட சத்தம் மச்சான், மறந்துருவேனா" என்றான் ரமேஸ். அவன் மறக்கவில்லை. அதுதான் கொடுமை.

அன்று கப்பலின் வயிற்றுக்குள் ரமேஸின் கை ஒரு பெட்டியில் பட்டது. சேற்றைத் துடைத்துவிட்டுக் கண்ணாடிக்குள்ளிருந்து அவன் சிரித்த சிரிப்பு கஜேந்திரனுக்கு இன்றைக்கும் தெரிகிறது. அந்த நேரம் பார்த்துக் குழாய்ச் சத்தம் கேட்டது. ரெண்டு சேர்த்து, ஒன்று தனியே. பெட்டியை அப்படியே விட்டுவிட்டு இருவரும் கப்பலுக்கு வெளியே வந்துவிட்டார்கள். மேலே போவதற்கு முன் ரமேஸ் இடுப்பில் தொங்கிய வலைப்பையைக் குனிந்து பார்த்தான். அது காலியாக இருந்தது.

தோட்டத்துக்காரனுக்குத்தான் அது புரியும். நிறுவை மணி கேட்டதும் யாரும் நேரே மடுவத்துக்கு ஓடுவதில்லை. கூடை குறைந்தால் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான். அதனால் கை பரபரக்கத் திரும்பி நின்று இன்னும் நாலு பிடி பறித்துப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். ரமேஸ் ஒரு விரலைக் காட்டினான், இதோ வந்துவிட்டேன் என்று. திரும்பவும் உள்ளே நுழைந்தான்.

கஜேந்திரன் அவன் காலைப் பிடிக்கப் பாய்ந்தபோது தலைக்கு மேல் இடி மாதிரி ஓர் இரைச்சல் கடந்தது. சாம்பல் நிறக் கப்பலொன்று இன்னொன்றை விரட்டிக்கொண்டு போனது. நடுவில் ஒரு சின்னப் படகு இருப்பதை யார் பார்த்தார்கள்? கடல் கலங்கியது. துருப்பிடித்த தளம் பொத்தென்று சரிந்து வாசலை மூடியது. படகில் காற்று இயந்திரம் கவிழ்ந்து, கஜேந்திரனின் குழாயிலும் காற்று நின்றது. இருந்த ஒரே மூச்சில் மேலே வந்தான். திரும்ப இறங்கப் பார்த்தான். ஆழத்திலிருந்து ஒரேயடியாக மேலே வந்ததில் இடது கால் அசையவில்லை.

அதற்குள் சீருடைக்காரர்கள் வந்து எல்லோரையும் கரைக்கு இழுத்துப்போனார்கள். அந்த இடத்தில் ஏதோ கருவியை நீதான் ஒளித்தாய் என்று ஒரு நாடும், நீதான் திருடினாய் என்று மறு நாடும் சொல்ல, இரண்டு கப்பல்களும் அங்கேயே முறைத்துக்கொண்டு நின்றன. யாரும் இறங்கக் கூடாது என்று கடலுக்கே பூட்டுப் போட்டார்கள். "ஒரு ஆளத் தூக்கிட்டு வர எவ்வளவு நேரங்க ஆகும்?" என்று கஜேந்திரன் ஏறாத வாசற்படி இல்லை. எல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம்.

ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டார்களாம். ஆழம் கஜேந்திரனுக்கு நன்றாகத் தெரியும். பிணம் வராததால் கருமாதி இல்லை. தனுஜா தாலியைக் கழற்றவும் இல்லை. நிறுவை மணியையே சைகையாக வைத்ததை அண்ணன் சொல்லி அறிந்திருந்த அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"அந்த மணி அவருக்குக் கேட்டுச்சா அண்ணே?"

"கேக்கல தங்கச்சி. கடல் இரைச்சல்ல எங்க கேக்கும்?"

பஸ்ஸடியில் அவள் சொல்லி அனுப்பிய வார்த்தை அவனுக்கு ஞாபகம் இருந்தது. கேட்டது என்று சொன்னால் அவள் என்ன ஆவாள்? எத்தனை தடவை கேட்டாலும் அதே பொய்யைச் சொன்னான்.

காலை இழுத்து நடப்பவனுக்கு மலையில் என்ன வேலை கொடுப்பது? கங்காணி தம்பையா பரிதாபப்பட்டு, மடுவத்தில் தண்டவாளத்தைத் தட்டும் வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். அடுப்பை நினைத்து வாங்கிக்கொண்டான்.

முதல் நாள் பத்து மணிக்குத் தட்டினான். ரெண்டு சேர்த்து, ஒன்று தனியே. மலைச்சரிவில் பெண்கள் வழக்கம்போலத் திரும்பி நின்று கடைசிப் பிடி பறித்துக்கொண்டிருந்தார்கள். தனுஜா மட்டும் நேரே இறங்கி வந்தாள். கூடையில் அடிப்பகுதிகூட மூடவில்லை.

"என்னா புள்ள, கூட வெறுசா இருக்கு?" என்றார் தம்பையா.

"மணி கேட்டுச்சுங்க. வந்துட்டேன்."

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

"அவருக்கும் கேட்டுச்சுதானே? நான் சொன்னதுக்காகத்தானே திரும்பிப் போனாரு?"

கஜேந்திரன் கையில் சுத்தியல் இருந்தது. எப்போதும் சொல்லும் பொய் அன்று வாயில் வரவில்லை. மற்றப் பெண்கள் நிறைந்த கூடைகளோடு வரிசையில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். தனுஜா அங்கேயே நின்று தாலியைக் கழற்றி, அந்த வெறுங்கூடைக்குள் போட்டாள்.