சலங்கைக்கு மட்டும் தெரிந்த காயம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் மயிலாப்பூரில் ஒரு விறகுத் தொட்டியில் கட்டை பிளக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளவட்டம். வருஷம் பூரா மனிதன், மொகரம் வந்தால் மட்டும் புலி. சின்ன வயதில் எனக்கு விஷக் காய்ச்சல் கண்டபோது, பிள்ளை பிழைத்தால் புலி வேஷம் கட்டுவான் என்று அம்மா வேண்டிக்கொண்டு விட்டாள். எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படி நேர்ந்துகொண்டவர்கள்தான். அம்மாவுக்கு அது பக்தி. எனக்கோ, உண்மையைச் சொன்னால், கைதட்டல்தான் பிடித்திருந்தது.

ராயப்பேட்டைப் பக்கம் ஒரு மைதானத்தில் புலிகளுக்கு ஆட்டப் பந்தயம் வைப்பார்கள். ஜெயித்தவன் ஒரு கனத்த வெள்ளித் தண்டையை வலது காலில் போட்டுக்கொண்டு வருஷம் முழுக்க அலட்டிக்கொள்ளலாம். அடுத்த வருஷம் ஜெயிப்பவனுக்கு அதைத் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்தத் தண்டை அப்போது ராயப்பேட்டைத் தையல்காரர் ஒருவரின் காலில் இருந்தது. அவருக்கும் என் வயதுதான் இருக்கும். எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். வேட்டைக்காரன் சுட்ட குண்டு பின்னங்காலில் பட்டு, புலி நொண்டி நொண்டிச் சாகிற மாதிரி ஒரு கட்டம் ஆடுவார். பார்க்கிற பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். எனக்கு வயிறு எரியும்.

அவரை மிஞ்ச வேண்டும் என்ற வெறியில், மதில் மேலிருந்து பாய்ந்து காட்டப் போகிறேன் என்று கிளம்பினேன். பண்டிகைக்கு இன்னும் சில மாதம் இருக்கும்போதே, பழகப் போன இடத்தில் பாய்ந்தேன். புலி பத்திரமாக இறங்கவில்லை. வலது கணுக்கால் எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டுப் படுக்கவைத்தார்கள். பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்க்கிறேன், பாய்! டிராமிலிருந்து இறங்கும்போது வழுக்கி, பாதம் சக்கரத்தில் மாட்டிக்கொண்டதாம். தண்டையைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. எதிரும் புதிருமாக உறுமிக்கொண்டிருந்த புலிகள், கஞ்சிக் கிண்ணத்தோடு அக்கம்பக்கம் படுத்திருந்தால் எப்படி இருக்கும்!

படுத்த இடத்தில் எனக்கு ஒரே கவலை, ஆட்டம் மறந்துவிடக் கூடாதே என்பதுதான். கண்ணை மூடி மனசுக்குள்ளேயே ஆடிப் பார்ப்பேன். எல்லாம் சரியாக வரும். மதில் வந்ததும் நின்றுவிடும். மனசுக்குள்கூட அந்தக் கால் குதிக்க மறுத்தது. அப்படித் திணறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"இன்னா நைனா, கால்லதான கட்டு போட்டாங்கோ? மனசுலயுமா கட்டு போட்டுட்டாங்கோ?"

என் விரல்கள் போர்வை மேல் தாளம் போட்டதைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். அவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தாராம். ஆனால் அவர் செய்த விதம் வேறு. நேராகக் குதிக்கிற இடத்துக்கு ஓடாதே என்றார். வர்ணம் பூசுவதிலிருந்து வா. முதுகில் மஞ்சள் பட்டதும் சில்லென்று இருக்கும், அதை உணர். காய்கிறவரை கையை அகற்றி நிற்பாயே, அந்தத் தோள்வலியோடு நில். சலங்கை கட்டு. அப்புறம் கூட்டம், அப்புறம் மேளம். ஒன்றையும் தாண்டாதே. அப்படி வந்தால் மதில் தானாக வரும். அவர் சொன்ன மாதிரி செய்து பார்த்தேன். முதல் தடவையாக மனசுக்குள் நான் பாய்ந்து தரையைத் தொட்டேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் தினமும் பந்தயம். நான் எனாமல் கிண்ணத்தில் அடிப்பேன், இருவரும் கண்ணை மூடி ஆடுவோம். நர்ஸம்மா வந்து பிடுங்கிக்கொண்டு போகும்வரை நடக்கும். பழைய வயிற்றெரிச்சல் எப்போது போனதென்றே தெரியவில்லை.

பிறகு அவருடைய காயம் புரையோடியது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்தார்கள். திரும்பி வந்தவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. நான் கிண்ணத்தைக் கையில் எடுக்கவே கூசினேன். என்ன சொல்லித் தேற்றுவது? என் கால் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வருவதே ஒரு குற்றம் போல இருந்தது.

சில நாள் கழித்து, திரும்பாமலே, "மேளம் போடு நைனா" என்றார். போட்டேன். கண்ணை மூடி வெகுநேரம் அசையாமல் கிடந்தார். முடிந்தபோது காதோரமெல்லாம் ஈரம்.

"அங்க எனக்கு ரெண்டு காலும் கீது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் அழுகையைக் கவனிக்கவில்லை, வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாகத் தப்பாக ஆடிவிட்டேன் என்றார். அடிபட்ட மிருகம் ஊர் பார்க்க நொண்டாது, காயத்தை மறைக்கும். நிமிர்ந்துதான் நடக்கும். அந்தக் காலில் பாரத்தைப் போடுவதற்கு முன்னால் மட்டும், கண்ணுக்குத் தெரியாத ஒரு தயக்கம். அதைப் பார்க்கிறவனுக்குத் தெரியவிடாதே, சலங்கைக்கு மட்டும் தெரியட்டும் என்றார்.

"என்னால இனிமே ஆட முடியாது. ஒரே ஒரு வாட்டி நீ ஆடிக் காட்டுறியா?"

சரி என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சரியின் விலை புரிந்தது. கால் நன்றாகக் கூடி, என் பாய்ச்சலும் கைவந்துவிட்டது. மதிலிலிருந்து பாய்ந்தால் தண்டை எனக்குத்தான் என்று தெருவே சொன்னது. யாருக்குமே தெரியாத காயத்தை ஆடினால் எவன் கைதட்டுவான்? அந்தத் தண்டைக்காக நான் ஏங்கியது கொஞ்சநஞ்சமல்ல. பந்தயத்தன்று வர்ணம் காய நின்றபோதுகூட எனக்கு முடிவு தெரியாது. முதுகில் மஞ்சள் சில்லென்று பட்டதும் அந்தக் கட்டில்தான் ஞாபகம் வந்தது. மேளக்காரரிடம் போய், சலங்கை கேட்கிற அளவுக்கு அடியைக் குறைக்கச் சொன்னேன்.

பாயை ரிக்‌ஷாவில் கொண்டுவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். மடியில் தண்டை. நான் உள்ளே இறங்கினேன். குண்டு பட்டது. நொண்டவில்லை. நிமிர்ந்து நடந்தேன். கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "புலி தூங்கிக்கினு கீதுபா, எழுப்பி வுடுங்க!" என்று ஒருவன் கத்த, கொல்லென்று சிரித்தார்கள். எங்கள் தெருப் பையன்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பாய் ஒருவராவது பார்க்கிறாரே என்ற ஆறுதலோடு அவர் பக்கம் திரும்பினேன்.

பாய் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் நெஞ்சு உடைந்துவிட்டது. யாருக்காக இதை ஆடுகிறேனோ அவரே பார்க்கவில்லை! எப்படியோ ஆடி முடித்தேன். வேறொரு தெருக்காரன் ஜெயித்தான். பாய் தண்டையை இரண்டு கையாலும் எடுத்து அவனுக்குக் கொடுத்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

எல்லோரும் கலைந்த பிறகு, வர்ணத்தோடேயே அவர் முன்னால் போய் நின்றேன். ஏன் பாய் பார்க்கவில்லை என்று கேட்கத்தான் போனேன். அவர் குனிந்து, என் வலது கால் சலங்கையைத் தொட்டார்.

"இந்தச் சத்தம் ஒரு நூல் பின்னாடி வந்துச்சு நைனா. அதான். அதேதான்." அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "நானும் கூடவே ஆடினேன்."

அந்தத் தண்டை கடைசிவரை என் காலுக்கு வரவே இல்லை. பிறகு எத்தனையோ மேடையில் கைதட்டல் வாங்கியிருக்கிறேன், ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. இன்றைக்கும் யாராவது ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்து நடந்து போனால், நான் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் காலடிச் சத்தத்தைக் கேட்கிறேன்.