மச்சான் வேண்டாமென்ற செம்புக் கம்பி

புதிதாகக் கேபிள் சுருள் வந்து இறங்கினால் என் மச்சான் பிளேடை எடுத்து அதன் நுனியைச் சுரண்டிப் பார்ப்பார். மேலே செம்பு நிறமாக இருந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், தூரத்துக்கு ஆகாது. சுருளைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிடுவார். என் மனைவியின் அண்ணன் அவர். விருதுநகரில் நாங்கள் இருவரும் சேர்ந்து கண்காணிப்புக் கேமரா பொருத்தும் வேலை பார்த்தோம். ஆர்டர் பிடிப்பதும் பேசுவதும் நான். எந்தக் கேபிள், எந்த வழியாக என்று தீர்மானிப்பது அவர். ஒன்பது வருடம் அப்படியே ஓடியது.

அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில்தான் அது முறிந்தது. பட்டாசு ஆலையில் அறைகளைத் தள்ளித் தள்ளித்தான் கட்டியிருப்பார்கள். அலுவலகத்திலிருந்து கடைசி வெடிமருந்து அறைக்கு முந்நூறு மீட்டர். சாதாரணச் செம்புக் கேபிளில் நூறு மீட்டருக்கு மேல் படம் ஒழுங்காகப் போகாது. நடுவில் இரண்டு இடத்தில் பெட்டி வைத்து, மின்சாரம் கொடுத்து, சிக்னலைத் தூக்கிவிட வேண்டும். மச்சான் ஒரே பிடியாக, கண்ணாடி இழையான ஃபைபர்தான் என்றார். அது மதுரையிலிருந்து வந்து, ஒட்டுப் போடும் ஆளும் கிடைக்கப் பத்து நாளாகும். அதிகாரிகள் ஆய்வுக்கு வருவதற்குள், நாலே நாளில் முடித்துத் தருவதாக நான் முதலாளியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

“அங்கன நாலு பொம்பளையாளுக மருந்துக்கு நடுவுல உக்காந்திருக்காக மாப்ளே. எங்கயோ விழுற இடியக்கூட இந்தச் செம்பு இழுத்துட்டு வந்து ரூமுல விட்டுரும். ஃபைபர்ல வெளிச்சம் மட்டுந்தான் போவும்.”

“எல்லாரும் இதத்தான போடுறாக மச்சான். உங்களுக்கு மட்டும் ஏன் அம்புட்டு பயம்?”

ஆட்கள் முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவர் கையிலிருந்த கத்தரியைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். நான் செம்பையே இழுத்தேன். மூன்று மாதத்தில் அவர் மஸ்கட்டுக்கு வேலைக்குக் கிளம்பினார். சொல்லிக்கொள்ள வீட்டுக்கு வந்தவர் தங்கையிடம் வெகுநேரம் பேசினார். என்னிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்தச் சித்திரையில் ஒரு பிற்பகல், ஆலையை ஒட்டியிருந்த பனையில் இடி விழுந்தது. செய்தி கேட்டு ஓடினேன். அலுவலகத்தில் பதிவுப் பெட்டி கருகிக் கிடந்தது. மருந்து அறைப் பக்கம் போனேன். அறை அப்படியே நின்றது. கேமராவிலிருந்து கழற்றிய கேபிளின் முனை வாசலைவிட்டுத் தள்ளி மணலில் கிடந்தது. அதைச் சுற்றி மணல் கறுத்திருந்தது.

அங்கே வேலையை மேற்பார்க்கும் போர்மேன் அக்கா சொன்னார்: “உங்க மச்சான்தான் தம்பி. இங்கன மேகம் கூடுதான்னு போன்ல பாத்துக்கிட்டே இருப்பாக போல. வயரக் கழத்தி வெளிய வீசுங்க, ஆளுகள எந்திரிக்கச் சொல்லுங்கன்னு மஸ்கட்டுல இருந்து கூப்புடுவாக. இன்னைக்கும் கூப்புட்டாக. பிள்ளைக அப்பத்தான் வெளிய வந்துச்சுக.”

அங்கிருந்தே அவரை அழைத்தேன்.

“ஆளுக நல்லா இருக்காகளா?”

“இருக்காக மச்சான்.”

மன்னிப்பு நாக்கு வரைக்கும் வந்து நின்றது. அதற்குள் அவர், “ஃபைபர் போட்டுருங்க மாப்ளே” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுவாரமே போட்டேன், உள்ளே இரும்புக் கம்பி இல்லாத ரகமாகப் பார்த்து. கேமராவுக்கு வேண்டிய மின்சாரத்துக்கு அறையைவிட்டுத் தள்ளி ஒரு சோலார் கம்பம் நட்டேன். அதன்பின் எந்தப் பட்டாசு ஆலைக்கும் அதே முறைதான். இப்போது என்னிடம் நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். நான் சொன்னதைச் செய்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் ஆளில்லை. முன்பெல்லாம் எம். புதுப்பட்டி ரோட்டில் மச்சான் என் பைக்கின் பின்னால் ஏணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வழியெல்லாம் பிறர் இழுத்த கேபிள்களைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டே வருவார். அந்த ரோட்டில் போகும்போது அவர் என்ன சொல்வாரென்று நானே நினைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் விடுப்பு முடிந்து கிளம்பிய மச்சானை மதுரை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். வண்டி நின்ற பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

“இங்கனயே இருந்துருங்க மச்சான். நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

அவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு என் தோளில் கை வைத்தார். “பாப்பம் மாப்ளே” என்றார்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், வரிசையில் அவர் முதுகு கொஞ்ச நேரம் தெரிந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார் என்று நான் நகராமல் நின்றுகொண்டிருந்தேன்.