தொழில் தெரியாதவன்

திருமுக்கூடல் அரிசி மில்லிலிருந்து காஞ்சிபுரத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். வேலை நேரத்தில் புத்தகம் படித்ததற்காகக் காலையில் துரத்தியிருந்தார்கள். எனக்கு வருத்தமில்லை; இனி தடையில்லாமல் படிக்கலாமே! எட்டாவதோடு நின்ற நான் முழுசாகப் படிக்கத் துணிந்த முதல் பெரிய புத்தகம் அது. ஜெர்மானிய வதைமுகாமில் உயிர்தப்பிய ஒரு யூதர் தன் கதையைத் தானே எழுதியிருந்தார். "என்ன தொழில் தெரியும்?" என்று அங்கே வரிசையில் நிறுத்திக் கேட்கிறார்கள். தெரியாது என்றவர்களைக் கொண்டுபோய்க் கொன்றுவிடுகிறார்கள். இவர் தச்சன் என்று பொய் சொல்லிப் பிழைக்கிறார்.

வெயில் தாழ்ந்தபோது பிள்ளையார்பாளையத்தில், நெசவுக்காகத் தெரு நெடுக நீட்டிக் கட்டியிருந்த பட்டுப் பாவு நூலுக்குள் படித்தபடியே போய் விழுந்தேன். இழைகள் அறுந்தன.

"யோவ், மாடுங்களே ஒதுங்கிப் போவுது, நீ புத்தகத்துல கண்ண வச்சிக்கினு வர்றியே!" என்று நெசவாளர் கத்தினார்.

அவர் மனைவி இழைகளை முடிந்துகொண்டே, "அப்படி இன்னாபா எழுதியிருக்குது?" என்று கேட்டார். மூச்சுவிடாமல் சொன்னேன். இருவர் கையும் அப்படியே நின்றுவிட்டது.

"சரி, உனுக்கு இன்னா தொழில் தெரியும்?" என்றார் நெசவாளர்.

காலையிலிருந்து சாப்பிடவில்லை. நெசவு தெரியும் என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. இங்கே உண்மையைச் சொன்னால் வேலைதான் கிடைக்காது, உயிர் போகாது. புத்தகத்து மனிதருக்கு உண்மையைச் சொல்லக்கூட வாய்க்கவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"ஒண்ணும் தெரியாதுண்ணே!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன்.

"இத இன்னாத்துக்கு இவ்ளோ சந்தோஷமா சொல்றான்?" என்று அந்த அம்மா சிரித்தார்.

மறுநாள் காலை, அந்த அம்மா சொல்லியனுப்ப, அவருடைய அண்ணனின் சாயப்பட்டறையில், நனைந்த பட்டு நூலைப் பிழிந்து காயப்போடும் வேலையில் சேர்ந்தேன்.