அக்கா மாற்றிக்கொண்டே இருந்த பெயர்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. கர்த்தருக்குள் இளைப்பாறுகிறார்கள் என்று நம்புகிறோம். ஆனால் அவர்களுக்கு இளைப்பாறத் தெரியாது என்பது பழகியவர்களுக்குத் தெரியும். அங்கேயும் கவலைப்பட ஏதாவது கண்டுபிடித்திருப்பார்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி ஆசிரியரின் மூத்த மகளாகப் பிறந்தார்கள். வேலூரில் நர்சிங் படித்து, அத்தானோடு முதலில் நியூஜெர்சிக்கும், பிறகு சான் ஹோசேக்கும் வந்து, ஒரு சின்ன வீடு வாங்கினார்கள். ஒரே மகன் ஜெபா, வளர்ந்தும் தனியாக வாழ இயலாத பிள்ளை.

அத்தான் உயில் எழுதாமல் திடீரென்று இறந்துபோனார்கள். வீட்டை அக்காவின் பேருக்கு மாற்ற இரண்டு வருடம் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. ஜெபாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் அக்காவுக்கு அந்தப் பயம் பிடித்தது. நாளைக்கு நான் போனால், இவன் எங்கே இருப்பது என்று முகம் தெரியாத யாரோ முடிவு செய்வார்களோ?

ஓய்வு பெறும் நாள் நெருங்கியபோது, ஒரு வக்கீலைப் பிடித்து லிவிங் டிரஸ்ட் எழுதினார்கள். வீடும் சேமிப்பும் டிரஸ்டின் பேரில் இருக்கும். உயிரோடிருக்கும்வரை அக்காவே நிர்வாகி. பின்னால் அவர்கள் பெயர் குறித்த ஆள், கோர்ட் படி ஏறாமல், அதை வைத்து ஜெபாவைப் பார்த்துக்கொள்ளலாம். எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம் என்றும் வக்கீல் சொன்னார். அக்காவிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது.

முதலில் இருந்தது என் பெயர்தான். ஒரு சனிக்கிழமை அக்கா ஜெபாவைப் பக்கத்து ஊரான ஃப்ரீமான்டில் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். நான் அவனை டிவி முன்னால் உட்கார்த்தி, சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் கொடுத்தேன். சத்தமில்லாமல் இருந்தான். அது பரீட்சை என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதமே என் பெயரை எடுத்துவிட்டு, சபையில் பழக்கமான ஒரு தம்பதியின் பெயரைப் போட்டுவிட்டார்கள். முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. வீட்டை நான் விழுங்கிவிடுவேன் என்று பயமா என்று கேட்டே விட்டேன்.

“வீட்ட நீ பத்திரமா வச்சிக்கிடுவ தம்பி. அவன யாரு வச்சிக்கிடுவா?” என்றார்கள்.

அந்தத் தம்பதி வேலை மாறி ஹூஸ்டனுக்குப் போய்விட்டார்கள். அக்காவுக்கு மறுபடியும் தூக்கம் போயிற்று. ஜெபா மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்தான். அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். என் மனைவி எஸ்தர் அவனிடம் கத்தியைக் கொடுத்து வெங்காயம் நறுக்கச் சொல்லியிருக்கிறாள். விரலில் வெட்டு. கூட்டிப்போக வந்த அக்கா கட்டுப் போட்டுக்கொண்டே கொதித்தார்கள். எஸ்தரும் சும்மா இருக்கவில்லை.

“மைனி, எல்லாத்தையும் நீங்களே செஞ்சி குடுத்தா, நீங்க இல்லாத அன்னைக்கு அவன் என்ன பண்ணுவான்?”

அதன்பிறகு பல மாதம் அக்கா எங்கள் வாசல் மிதிக்கவில்லை.

பிறகு புற்றுநோய் என்று தெரிந்தது. மருத்துவமனையில் ஒருநாள், பெயரை மறுபடியும் மாற்றிவிட்டேன் என்று மட்டும் சொன்னார்கள். யார் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டார்கள். மூன்றே வாரத்தில் போய்விட்டார்கள். அடக்கம் முடிந்து வக்கீலைப் பார்க்கும்வரை ஐந்து நாள் ஜெபா எங்களோடுதான் இருந்தான். அவன் எங்களோடு இருப்பானா, யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று தெரியாமல், அவன் துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கக்கூட எஸ்தருக்குக் கை வரவில்லை.

வக்கீல் வாசித்த பெயர் எஸ்தர். காரணத்தையும் அக்கா அவரிடம் சொல்லிவைத்திருந்தார்கள். “மற்ற எல்லோரும் என் மனம் கோணக்கூடாதென்று பேசினார்கள், எஸ்தர் ஒருத்திதான் என் பிள்ளைக்காக என்னோடு சண்டை போட்டாள்” என்றார்களாம். எஸ்தர் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், ஜெபம் செய்த சபையாருக்கும், துக்க நாட்களில் எங்களுக்குச் சமைத்துக் கொண்டுவந்த குடும்பங்களுக்கும் எங்கள் நன்றி. இதோடு முடித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் போன மாதம் வக்கீல் எஸ்தரை அழைத்து, உங்களுக்குப் பின் யார் என்று ஒரு பெயர் எழுதச் சொன்னார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எஸ்தருக்கு ஐம்பத்திரண்டு வயது, ஜெபாவுக்கு இருபத்தாறு. அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டு வந்திருக்கிறோம். அக்கா வீணாகப் பயப்படுகிறார்கள் என்று இத்தனை வருடம் கேலி செய்தவன் நான். இப்போது எனக்கும் தூக்கம் வரவில்லை. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களே, நண்பர்களே, ஜெபாவோடு பழக வாருங்கள். நாங்கள் இருக்கும்போதே வாருங்கள்.