இடது கையில் கிடைக்காத நாடி

என் அண்ணி பெண்களுக்கு முடி வெட்டுகிறவர். கடைத்தெரு முனையில் இரண்டு நாற்காலியும் ஒரு நீளக் கண்ணாடியும் கொண்ட சின்ன பார்லர் அவருடையது. கத்திரிக்கோலோடு வாயும் சேர்ந்தே ஓடும். முடி வெட்டிக்கொள்ளப் போனவர்கள் ஊர்க்கதை பாதியைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து வருவார்கள்.

முப்பது வயதைத் தாண்டியதும் அந்த வாய் மெல்ல ஓய்ந்தது. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தது. டிரையரை இடது கையில் உயர்த்திப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றால், தோளிலிருந்து விரல் வரை கல்லாகக் கனத்துவிடும். கையை இறக்கி ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும். நாள் முழுக்க நிற்கிற அசதி என்று எல்லோரும் சொன்னோம். அண்ணியும் அப்படித்தான் நினைத்தார்.

என் அம்மாவுக்கு மட்டும் அது மனசுக்கு ஒப்பவில்லை. அம்மாவும் அண்ணியும் ஒத்துப்போனதாகச் சரித்திரமே கிடையாது. பால் பொங்கி வழிந்தால்கூட, அது யாருடைய குற்றம் என்று ஒரு வழக்கு நடக்கும். அந்த அம்மாதான், தன் ரத்த அழுத்தத்தைப் பார்க்க அண்ணியை ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு அழைத்துப் போன அன்று, தன் முறை முடிந்ததும் எழுந்து மருமகளை அதே நாற்காலியில் உட்கார வைத்தார்.

“இவளுக்கும் கொஞ்சம் பாரும்மா. இப்பல்லாம் எங்கூட சண்டை போடக்கூட இவளுக்குத் தெம்பில்ல,” என்று நர்ஸிடம் சொன்னாராம்.

நர்ஸ் அண்ணியின் இடது கையில் பட்டையைச் சுற்றினார். கருவியில் எண்ணே வரவில்லை. வேறொன்றைக் கொண்டுவந்தார், அதிலும் வரவில்லை. இரண்டுமே பழுதாயிருக்கும் என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. மணிக்கட்டில் விரல் வைத்துத் தேடினார். நாடி தட்டுப்படவில்லை. வலது கையிலோ நன்றாகத் துடித்தது. உடனே போய் டாக்டரை அழைத்து வந்தார்.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனைகளும் முடிந்தபின் டாக்டர் எங்களுக்கு நிதானமாக விளக்கினார். டகயாசு என்கிற ரத்தக்குழாய் அழற்சி. கிருமிகளை விரட்ட வேண்டிய வெள்ளையணுக்கள், கிருமியே இல்லாத இடத்தில், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய்களின் சுவருக்குள் புகுந்திருக்கின்றன. அவற்றில் டி செல்கள் என்கிற வகை, ரசாயனங்களைச் சுரந்து மற்ற அணுக்களையும் அங்கே வரவழைக்கிறது. வந்தவையும் சேர்ந்து தாக்க, சுவர் வீங்கித் தடித்து, கைக்குப் போகும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. இதைவிடத் தாமதமாகியிருந்தால் மூளைக்குப் போகும் குழாய்க்கும் ஆபத்து என்றார்.

அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “நேரத்துக்குச் சாப்பிடாம நின்னுட்டே இருந்தேனே, அதனாலயா டாக்டர்?”

“இல்லம்மா. இது ஏன் வருதுன்னு இன்னும் முழுசாத் தெரியாது. ஆனா நீங்க செஞ்ச எதனாலயும் வரல.”

அதுவரை கல்லுப்போல் உட்கார்ந்திருந்த அண்ணி அப்போதுதான் அழுதார். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த அணுக்களின் வேகத்தை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை, பிறகு ஊசி. முகம் உப்பியது. சதை போட்டு நன்றாகிவிட்டாய் என்று யாராவது சொன்னால், “எல்லாம் மாத்திரை உபயம்,” என்பார் அண்ணி. எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால் தொற்று வராமல் பார்த்துக்கொள்ளும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார். பார்லர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தும்முகிறவர்களையும் இருமுகிறவர்களையும் முகம் பார்க்காமல் திருப்பி அனுப்பினார். வாடிக்கை குறைந்தது. அண்ணி முணுமுணுத்தாலும் தடுக்கவில்லை.

மறு வருடம் பரிசோதனைக்குப் போனபோது அதே நர்ஸ் அண்ணியின் இடது மணிக்கட்டைப் பிடித்தார். வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

“இருக்கு. ரொம்ப மெதுவா, ஆனா இருக்கு,” என்றார்.

அண்ணி அவர் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். ஊருக்கே கதை சொல்கிறவருக்கு அன்று நன்றி என்ற ஒரு சொல் கிடைக்கவில்லை என்று நான் இன்றும் கேலி செய்வேன்.

நோய் முற்றாகப் போய்விடவில்லை. அடங்கியிருக்கிறது, மாத்திரை தொடர்கிறது. கையைத் தூக்க வேண்டியிராதபடி வாடிக்கையாளர் நாற்காலியைத் தாழ்த்திவிட்டார். உப்பைக் குறைக்கச் சொன்னதால் வீட்டில் எல்லோருக்கும் அதே சமையல்தான். வாயில் வைக்க விளங்கவில்லை என்று அம்மா தினமும் குறை சொல்வார். அண்ணி பதிலுக்கு ஏதாவது சொல்வார். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.