வலது ஓரத்து வெளிச்சம்

நேற்று அலமாரியை ஒழிக்கும்போது அப்பாவின் மடிப்புக் கேமரா கிடைத்தது. உறையைத் திறந்ததும் பழைய தோலும் பசையும் கலந்த வாசனை வந்தது.

அப்பா பாறசாலையில் போட்டோ பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் விசிறிபோல் மடியும் தோல் துருத்தியில் ஒரு பொத்தல். அதன் வழியே வெளிச்சம் புகுந்து, படத்தின் வலது ஓரத்தில் எப்போதும் வெள்ளைப் பட்டை விழும். கறுப்புத் துணி ஒட்டினால் மங்கும், மறையாது. "சனியனுக்குப் பதிலா ஒரு ஆட்ட வாங்கியிருக்கலாம்" என்று திட்டிக்கொண்டே துடைப்பார். கல்யாண வீடுகளில், சண்டை போட வந்த உறவினர்களை அந்த ஓரத்தில் நிறுத்துவார்.

எங்கள் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்ட ஊர்வலத்தைப் படமெடுக்க அவரை அழைத்தார்கள். அம்மாவின் தம்பி கொடியோடு நடுவில் நின்றார். மாமா அரசுப் பள்ளி வாத்தியார். தெரிந்தால் வேலை போய்விடும். அப்பா துருத்தியில் ஒட்டியிருந்த துணியைப் பிய்த்து எறிந்ததை நான் பார்த்தேன்.

"எலே மக்கா, வலது ஓரத்தில போய் நில்லு."

"கொடி வச்சிருக்கது நானாக்கும், அத்தான்."

"போய் நில்லுலே!"

மாமா முறைத்துக்கொண்டே போனார்.

மறுவாரம் பள்ளி அதிகாரி அந்தப் படத்தை வாங்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மாமா நின்ற இடத்தில் வெள்ளைப் பட்டைதான் இருந்தது. வேலை தப்பியது.

எல்லை பிரித்தபோது எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றுவிட்டது. மாமா அதே பள்ளியில் ஓய்வு பெற்றார். எப்போது வந்தாலும் படத்தைக் காட்டிப் புலம்புவார்: "நானும் போராடினேன்னு சொன்னா பிள்ளையளெல்லாம் சிரிக்குது. உம்ம பெட்டி என் மூஞ்சியத் தின்னுபோட்டுதே!"

ஆயுள் முழுக்க அந்தக் கேமராவைத் திட்டிய அப்பா அப்போது மட்டும் சொல்வார்: "நல்ல பெட்டியாக்கும் அது."